கடைசிப் பந்தி

எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போவதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் பந்தியில் கமிட்டிக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் முழங்காலிடுவார்கள். அடுத்து மற்ற ஆண்கள், பிறகு பெண்கள். ஏதாவது குற்றத்துக்காகச் சபை ஒதுக்கிவைத்து, மன்னித்து, மறுபடி சேர்த்துக்கொண்டவர்கள் இருந்தால் அவர்கள் கடைசிப் பந்தி. எங்கும் எழுதிவைத்ததில்லை. ஆனாலும் அதை மீறினவர்கள் இல்லை.

சுகிர்தம் அக்காளைச் சபை ஒருநாளும் ஒதுக்கிவைத்ததில்லை. அவர்கள் சபையின் வேத ஊழியக்காரி. பெண்கள் பந்தியில் முதல் ஆளாகவே போகலாம். ஆனால் பல வருஷமாக அவர்கள் கடைசிப் பந்தியில்தான் போகிறார்கள். எல்லோரும் போய்த் திரும்பும்வரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பார்கள். அந்தப் பந்தியில் வேறு யாருமே இல்லாத ஞாயிறுகளும் உண்டு. அப்போது சபைக் குருவான ஐயர், அக்காள் ஒருத்திக்காக அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு நடந்து வருவார். கோவிலைப் பெருக்குகிறவள் நான். எனக்குப் பின்பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய உள்ளங்கால்கள் தெரியும். ராயபுரத்துச் சந்துகளில் நடந்து நடந்து வெடித்துப்போன கால்கள்.

அக்காளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிறு வயதில் கணவனை இழந்து இங்கே வந்தவர்கள். காலையில் கறுப்புக் குடையும் துணிப்பையுமாகக் கிளம்பினால், ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி. காசிமேடு ஒரு நாள், தண்டையார்பேட்டை ஒரு நாள். வியாழக்கிழமை மட்டும் எங்கள் சந்து. கரிக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளைத் துணியை யாரும் வெளியே காயப்போட மாட்டார்கள், அப்படிக் கரித்தூள் விழும்.

அந்தச் சந்தின் கடைசி வீடு பூவம்மாவுடையது. அவள் புருஷன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குகிறவன். யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி ஆட்கள் ஊரைப் பார்த்து ஓடினபோது, அவன் மட்டும் வேலைக்குப் போனான். கப்பலின் அடித்தளத்தில் இருந்தவன்மேல் கயிறு அறுந்து கரிக்கூடை விழுந்து, அங்கேயே செத்தான். அப்போது குழந்தை வயிற்றில். பிள்ளை பெற்ற பிறகு பூவம்மாவும் கொஞ்ச நாள் கரி சுமந்தாள். அப்புறம் சுமக்கவில்லை. சொக்கம்மாள் என்கிற தோழியைச் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தாள். அங்கே யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அவள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டோம்.

சுகிர்தம் அக்காள் மட்டும் போவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "பூவம்மா, நான்தான்" என்று கூப்பிடுவார்கள். கதவு உடனே திறக்கும்.

"எங்க வூட்டுக்கு வர்ற ஆளுங்கள்லயே செருப்ப வெளில வுட்டுட்டு வர்றது நீ ஒருத்திதான் ஜெபக்காரம்மா" என்பாள் பூவம்மா.

"உள்ளே பிள்ளை தவழுதுல்லா. மிதிச்ச கரியக் கொண்டாந்து அது வாயில போடவா?"

"அது கரி தின்னுதான் வளந்துச்சி. அப்பன் சொத்து."

அந்தப் பிள்ளைதான் பச்சையம்மா. தவழ்ந்தவள் நடந்து, அக்காளின் பாட்டுகளைத் திரும்பப் பாடுகிற வயதுக்கு வந்தாள். அக்காள் பாட்டுப் பாடி, ஜெபித்து, காய்ச்சல் கண்டிருந்தால் கஷாயம் சொல்லிவிட்டு வருவார்கள். ஞானஸ்நானம் வாங்கிக்கொள் என்று சொன்னால் பூவம்மா சிரிப்பாள். "வாங்கிக்கினா மட்டும் உங்க சனங்க எனுக்குப் பக்கத்துல குந்துவாங்களா? போம்மா."

பச்சைக்கு ஐந்து வயது இருக்கும்போது அது நடந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்தோ எங்கிருந்தோ புகார் போய், அந்த மாதிரி வீடுகளைச் சோதனை போடப் போலீஸ் கிளம்பியது. சாட்சிக்கு அந்தப் பேட்டையிலேயே மரியாதையான ஒரு பெண் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எங்கள் சபை ஐயரிடம் கேட்டார். ஐயர் அக்காளை அனுப்பினார். அக்காள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷ ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். பூவம்மாவை ஒரு நல்ல இல்லத்தில் வைப்பார்கள், தையல் கற்றுக்கொடுப்பார்கள், பிள்ளையும் கூடவே இருக்கும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அவரும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

நான் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாலை நேரம். போலீஸ்காரர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டப் போனவர், நிறுத்தி, அக்காளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அக்காள் பழக்கப்படி செருப்பைக் கழற்றினார்கள். பழக்கப்படி கூப்பிட்டார்கள்.

"பூவம்மா, நான்தான்."

கதவு திறந்தது. தலையை வாரிக்கொண்டே வந்த பூவம்மா கேட்டாள்: "இன்னாமா, இன்னிக்கி வியாயக்கெயமையா?"

போலீஸ்காரர்கள் உள்ளே போனார்கள்.

பெண்களை வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவன் லாரி டிரைவர். இன்னொருவர் தவசிமுத்து; துறைமுகத்தில் மேஸ்திரி, எங்கள் சபையில் கமிட்டிக்காரர், காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். பேரைக் கேட்டுக்கொண்டு இருவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர் என் வீட்டைத் தாண்டித்தான் போனார். நான் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கோர்ட்டுக்கு அக்காளுக்குத் துணையாக நானும் போனேன். அவர்கள் கூண்டில் ஏறினார்கள். வேதத்தின்மேல் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார்கள். இந்த வீட்டை முன்பே தெரியுமா என்று வக்கீல் கேட்டார்.

"தெரியும். வியாழக்கிழமைதோறும் ஜெபிக்கப் போவேன்."

அங்கே பெண்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று தெரியுமா?

"தெரியும்."

வீட்டை நடத்துவது யார்?

அக்காள் பூவம்மாவைப் பார்த்தார்கள். பூவம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேதத்தைத் தொட்ட கையால் பொய் சொல்ல அக்காளுக்குத் தெரியாது. "பூவம்மா" என்றார்கள். ஆண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பூவம்மாவை எழும்பூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் போட்டார்கள். இல்லம் என்றுதான் பேர். கதவுக்கு வெளியே பூட்டு. பிள்ளைகளை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்களாம். பச்சையை ஒரு போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்கள். அவளை அங்கே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனதும் அக்காள்தான். வேறு யார் கூப்பிட்டும் அந்தப் பிள்ளை வரவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்றுதான் முதல்முறையாக அக்காள் கடைசிப் பந்தியில் போனார்கள். தவசிமுத்து முதல் பந்தியில் இருந்தார்.

பூவம்மா வெளியே வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. நேரே கோவிலுக்கு வந்தாள். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்காள் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எம் பொண்ணு எங்க?"

"நல்லா இருக்கா பூவம்மா. படிக்கா."

"நல்லாக் கீறாளான்னு கேக்கல. எங்க கீறா?"

அக்காள் சொன்னார்கள். போர்டிங்கில் கேட்டபோது, சபைக் கமிட்டி இந்தப் பெண் இப்போது ஒழுங்காகப் பிழைக்கிறாள் என்று சொல்லட்டும், பிள்ளையைத் தருகிறோம், அதுவரை பார்க்கவும் விட மாட்டோம் என்றார்கள். பூவம்மா காலடிப்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் துலக்கப் போனாள். கை வெந்து தோல் உரியும் வேலை. அதை விடாமல் செய்தாள். மகளைத் திரும்ப வாங்க வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பில்லை.

கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. அந்தக் குழந்தையின் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டுத் தடுத்தவர் தவசிமுத்து. அக்காள் ஒரு நாள் கோவில் வாசலில் அவரை நிறுத்தினார்கள்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

"நான் எதுக்கும்மா சொல்லணும்?"

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "ஊழியக்காரம்மா ஊழியத்தப் பாக்கணும். கோள் மூட்டுறது ஊழியமில்ல."

அக்காள் திரும்பிக் கோவிலுக்குள் போனார்கள். அன்று மாலை வரை வெறும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

சில வருஷங்களுக்கு அப்புறம், இந்தத் தொழிலை ஒழிக்க தேசம் முழுவதற்கும் கடுமையான சட்டம் வரப்போகிறது என்று பேப்பரில் வந்தது. நம் சபையும் அதை ஆதரித்துத் தீர்மானம் போட வேண்டும் என்று ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். ஐயர் நன்றாகப் பேசினார். பாவத்தைச் சட்டம் தடுக்காவிட்டால் அதற்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டார். சரி என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன், எல்லோரும் தூக்கினார்களே என்று. சுகிர்தம் அக்காளின் கை மடியிலேயே இருந்தது.

"ஊழியக்காரம்மா, உங்களுக்கு இதுல சம்மதமில்லையா?"

அக்காள் எழுந்து நின்றார்கள். பெண்கள் அந்தச் சபையில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அது பாவம்தான் ஐயா. பூவம்மாகிட்டயே அத்தனை தடவை சொல்லியிருக்கேன். அவ கேட்டா, சிரிச்சா, ஆனா கதவத் திறந்தா. நான் போலீஸோட போய் நின்ன நாள்ல இருந்து அந்தப் பேட்டைல எனக்கு ஒரு வீடும் திறக்கல. வியாழக்கிழமை போயிட்டுச் சும்மா திரும்பி வாரேன்."

"சட்டம் இல்லாம அவங்க எப்படி மீளுவாங்க?"

"சட்டத்தால யாரு மீண்டா? பிள்ள போச்சு, அவ்வளவுதான். பாவத்த மன்னிக்க ஏட்டையாவுக்கு அதிகாரம் இல்ல ஐயா. அப்போ அதுக்காகப் பிடிச்சு அடைக்க மட்டும் எப்படி அதிகாரம் வந்துச்சு? இழுத்துட்டுப் போய் வித்தவனப் பிடிங்க, அடிச்சவனப் பிடிங்க, நானே சாட்சி சொல்லுதேன். அவளப் பிடிக்காதீங்க."

யாரோ பின்னால், "வேதத்துக்கே விரோதமாப் பேசுதாங்க" என்றார்.

"வேதத்துல ஒரு பொம்பளையக் கல்லெறியக் கொண்டாந்து நிறுத்தினாங்க. அவளோட இருந்த ஆம்பளைய எங்க விட்டுட்டு வந்தாங்கன்னு அதுல இல்ல. நான் கோர்ட்டுல அவ பேரச் சொன்னேன். அந்த வீட்டுல இருந்த ஆம்பளையப் பத்திக் கேக்கல, நானும் சொல்லல. கேக்காததச் சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன். அவரும் நானும் ஒரே மேசையில அப்பம் எடுக்கோம்."

பேர் சொல்லவில்லை. தவசிமுத்து தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை என்று பார்த்தேன். பிறகு இறக்கி, மடித்த அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டார். ஐயர் கண்ணை மூடி ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். தீர்மானம் நிறைவேறியதாக எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காளைச் சந்து ஊழியத்திலிருந்து மாற்றி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க அனுப்பினார்கள். பூவம்மாவின் மனுவைக் கமிட்டி மறுபடி எடுக்கவே இல்லை. போர்டிங் தலைமையம்மாள் மட்டும் ஒரு விஷயத்தில் இறங்கி வந்தார்: லீவு நாட்களில் ஊழியக்காரி பொறுப்பில் பெண்ணை அனுப்பலாம். அப்படி முதல் லீவுக்குப் பச்சையம்மா அக்காள் வீட்டுக்கு வந்த அன்று, பூவம்மா புதுச் சேலை கட்டி, நாலு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டாள்: "ஜெபக்காரம்மா, நான்தான்."

கதவைத் திறந்தது பச்சை. வளர்ந்த பெண். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அம்மா, உங்களப் பாக்க யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

அம்மா என்று அவள் கூப்பிட்டது சுகிர்தம் அக்காளை. அக்காள் அடுப்பருகில் அப்படியே நின்றார்கள். பூவம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"சொல்லிக் குடுத்தியாம்மா இப்படி?"

"இல்ல பூவம்மா. சத்தியமா இல்ல."

"சத்தியம்லாம் வோணாம்" என்றாள் பூவம்மா. "அன்னிக்கி பண்ணதே போதும்." பூவை அந்தப் பெண்ணின் தலையில் தானே வைத்துவிட்டாள்.

அந்தச் சட்டம் இப்போது அமலுக்கு வந்துவிட்டது. எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு பழைய இரும்பு வியாபாரி இருக்கிறார். சொக்கம்மாள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பூவம்மா காலடிப்பேட்டைக் கடையில் இப்போது சமைக்கிறாள். பச்சையம்மா எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படிக்கிறாள், பூவம்மாவை அவள் "அவங்க" என்கிறாள். தவசிமுத்து காணிக்கைத் தட்டு ஏந்துகிறார். சுகிர்தம் அக்காள் போன ஞாயிறும் கடைசிப் பந்தியில்தான் முழங்காலிட்டார்கள்.