தம்பி தெளிந்த வாரம்

பல் செட் செய்யும் லேபில் என் பக்கத்து மேசை அவளுடையது. எங்களில் தமிழ் பேசுகிற நாலைந்து பேருக்கு அவள் பல்லக்கா. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் ப்ளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நடுவாள். வரிசை பிசகாமல் நட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பல்லை லேசாகத் திருப்பி வைப்பாள். எல்லாம் ஒரே சீராக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுமாம். "ஊருக்கெல்லாம் பல்லு வச்சு அனுப்புற, நம்ம வீட்ல சிரிக்கத்தான் ஆளில்ல" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டலில் முக்கால்வாசி உண்மை.

காரணம் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மழை நாளில் ஒரு வளைவில், சைக்கிளில் வந்த பெண்ணை வேன் இடித்துவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. இவன்மேல் தப்பில்லை என்று போலீசே எழுதிக் கொடுத்தது. அவன்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தவன்தான். குளிக்கச் சொன்னால் எரிந்து விழுவான், சாப்பிடச் சொன்னால் சண்டை. மாதக்கணக்கில் அந்த அறைக்கு வெளியே தட்டை வைத்து, வைத்தபடியே எடுத்துக்கொண்டிருந்தாள் பல்லக்கா.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அவன் தெளிந்துவிட்டான்.

முடி வெட்டிக்கொண்டு வந்தான். அறையைக் கூட்டித் துடைத்தான். கீழ்வீட்டு அம்மாளிடம் தன் பூந்தொட்டியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் பக்குவத்தையும் சொல்லிவிட்டு வந்தான். மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத அத்தானுக்குத் தன் தோல் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, "உங்களுக்குத்தான் அத்தான் எடுப்பா இருக்கு" என்றான். தூரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, சின்ன வயதுச் சேட்டைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டான். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். கண்ணு பட்டுடும், யாரிடமும் சொல்லாதே என்று மகளுக்கு உத்தரவு வேறு. வீட்டுக்காரர் அந்த ஜாக்கெட்டை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. மச்சானுக்குப் புத்தி வந்துவிட்டது, உனக்குத்தான் இன்னும் வரவில்லை என்று இவளைச் சீண்டினார்.

பல்லக்காவுக்கு மட்டும் இது நல்லதாகப் படவில்லை. என்னிடம் சொன்னபோதும் அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. "அவன் சண்ட போட்டாக்கூட நிம்மதியா இருக்கும் போல" என்றாள். அவன் சிரிப்பு ஒரே சீராக இருக்கிறதாம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை, அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்து சொன்னான்: "என் பாஸ்வேர்டெல்லாம் உன் போனுக்கு அனுப்பிருக்கேன்க்கா. சும்மா, இருக்கட்டும்."

லேபில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மனம் தாங்காதபோது இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள், ஒரு மனிதர் பதில் எழுதுவார் என்று இந்த ஊர் மொழியில். வருஷக்கணக்காகக் கண்ணில் பட்டும் யாரும் படிக்காத தாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, ப்ளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விரலெல்லாம் வெள்ளை மாவு. போன் அவள் விரலை ஏற்க மறுத்தது. மேலங்கியில் துடைத்துத் துடைத்து எழுதினாள். பேசச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்திருக்கும், பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும். எழுதுவதற்குச் சத்தம் இல்லை.

முதலில் வந்தது இயந்திரத்தின் பதில்: காத்திருங்கள். காத்திருந்தாள். பிறகு ஒருவர் வந்தார். ஆணா பெண்ணா தெரியாது. அவளிடம் எல்லாவற்றையும் கேட்டார். ஜாக்கெட், பூந்தொட்டி, பாஸ்வேர்டு, ஒன்று விடாமல் எழுதினாள். தற்கொலை என்பதற்கு இந்த ஊரில் சொல்லும் வார்த்தையையும் எழுதினாள். அதை எழுத விரல் கூசவில்லை. மொழிப் பரீட்சைக்குப் படித்த ஆயிரம் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

உங்கள் பயம் நியாயமானது என்று பதில் வந்தது. அடுத்தது: தம்பியிடம் நேராகக் கேட்டீர்களா?

எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை என்று எழுதினாள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடாதா என்றாள். ஆகாது என்றார் அவர். இருப்பதைச் சொல்லத்தான் வழி கிடைக்கும். தம்பி இப்போது தனியாகவா இருக்கிறார்? நீங்கள் வீட்டுக்குப் போகும்வரை தாங்காது என்று தோன்றினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அவள் தம்பிக்குப் போன் அடித்தாள். எடுத்தான். "சாப்டியாக்கா?" என்றான். அத்தனை மாதத்தில் அவன் கேட்காத கேள்வி. வீட்டிலேயே இரு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலங்கியோடு ஓடினாள். பாதி நட்ட பற்கள் மேசையில் கிடந்தன.

பஸ்ஸில் உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பார்த்தாளாம். ஏதாவது பண்ணிக்கப் போறியா, தப்பான முடிவு எடுத்துட்டியா என்று வார்த்தை சுற்றிச் சுற்றிப் போயிற்றே தவிர, இடத்துக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் சாவடிக்காதே, செத்தேன் போ என்று பேசுகிற குடும்பம். அதைக் கேள்வியாக மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை. சித்தப்பா போனதுகூட இன்றுவரை அவர்களுக்கு நெஞ்சுவலிதான்.

வீட்டில் தம்பி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவனுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். மடித்து அடுக்கி வைத்திருந்தான்.

"என்னக்கா இந்நேரத்துல? சீட்டைக் கிழிச்சுட்டாங்களா?"

"அந்தப் பொட்டிய அணை." அவன் அணைத்தான். "தம்பி, நீ சாகப்போறியா?"

சிரித்தான். "ஏன்க்கா வந்ததும் வராததுமா சாவடிக்கிற?"

"நான் வையல. கேக்குறேன். செத்துப்போகணும்னு முடிவு பண்ணிட்டியா? ஆமான்னாலும் சொல்லு, கத்தமாட்டேன்."

சட்டைக் காலரை நீவிக்கொண்டே இருந்தான். சூடு ஆறும் இஸ்திரிப் பெட்டி டிக் டிக்கென்றது.

"நாளைக்குன்னு நெனச்சிருந்தேன்."

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். சொன்னபடி கத்தவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அலமாரி மேலே ஒரு பொட்டலத்தைக் காட்டினான். எடுத்து, பிரித்துப் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"அத்தான்ட்ட சொல்லாதக்கா."

"சொல்லுவேன்டா. அம்மாட்டயும் சொல்லுவேன். எல்லாருமா சேர்ந்து பயந்துக்குறோம், நீ மட்டும் என்ன தனியா."

அந்த மனிதர் இன்னும் போனில் காத்திருந்தார். கேட்டுவிட்டேன், ஆமாம் என்கிறான், பொருள் என்னிடம் இருக்கிறது என்று எழுதினாள். நீங்கள் செய்தது கஷ்டமான காரியம், அவருக்கும் என்னோடு பேச விருப்பமா என்று வந்தது. தம்பி எட்டிப் படித்தான்.

"இவங்களுக்கு நம்மள யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

போனை வாங்கிக்கொண்டான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். அவள் பார்க்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தாள். அவர் வந்ததும் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இப்போது மாத்திரை, டாக்டர், வாராவாரம் பேச்சு. அவன் மறுபடி சிடுசிடுவென்றிருக்கிறான். அவன் கத்தும் நாளில் பல்லக்கா லேபுக்கு நிம்மதியாக வருகிறாள். சிரித்த முகத்தோடு எழுந்து வரும் நாளில்தான் பையைக் கீழே வைத்துவிட்டு, அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்கிறாள். அவனும் பதில் சொல்கிறான். பெரும்பாலும் உடனே சொல்லிவிடுகிறான்.

சில நாள் கொஞ்சம் யோசிக்கிறான். அன்றைக்கு அவள் வேலைக்கு வருவதில்லை.