கயிறு போன பக்கம்

ட்ரோன் பறக்கவிட்டால் மனசு விசாலமாகும் என்று கடைக்காரர் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகள் வாங்கித் தந்தாள். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையின் முன்னால் குனிந்தே காலத்தை ஓட்டியவன் நான். நிமிர்ந்து வானத்தைப் பார்க்க ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு சந்தோஷம்தான், அதை மறைக்கப் போவதில்லை. கடைக்காரர் சொன்னதெல்லாம் நடந்தது. காலை நடை வந்தது, கை நடுக்கம் குறைந்தது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனிக்கிற புத்தி வந்தது. அவர் சொல்லாத ஒன்றும் நடந்தது. அதைச் சொல்லியிருந்தால் பெட்டியைப் பிரித்தே இருக்க மாட்டேன்.

கம்மாபுரம் போகும் சாலையில் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி. கிழக்கே வாய்க்காலோரம் ஒரு அளவுக்கல், மேற்கே சாலையோரம் ஒரு அளவுக்கல். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி வரப்பு போட்டது நான்தான். அன்றைக்குத் தம்பி, மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தான். வரப்பு கரைந்தாலும் அடையாளம் இருக்கட்டும் என்று, சூளையில் வெடித்து ஒதுக்கிய கரண்டுப் பெட்டிக்கான வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகளை இரண்டு மூட்டை கொண்டுபோய் வரிசையாகப் பதித்தேன். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் உடைந்த பீங்கான்தான்.

அடுத்த போகத்தில் தம்பி வந்தான். "அண்ணா, வரப்பு நடுவுல என் பக்கமா வளையுதே?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வரப்பு நேராத்தான் இருக்குது. உன் கண்ணுலதான் கோணல்" என்றேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். நாலு பேரும் சிரித்தார்கள். அதோடு அவன் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டான். அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நானும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வருஷங்கள் ஓடின. நடுவில் அவன் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகத் தெரிந்தது. வெயிலில் இறங்க வலிக்கிறது, கொழுப்பு என்றேன்.

போன அறுவடை முடிந்ததும் நிலத்தின் மேல் ட்ரோனை ஏற்றிப் படம் பிடித்தேன். பயிர் இல்லாத தரையில் பீங்கான்கள் வெயிலில் மின்னின. செல்போன் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வாய்க்காலிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பின. பாதி தூரத்தில் தம்பி நிலத்துக்குள் வயிறு தள்ளிக்கொண்டு போய், மறுபடி சாலையோரக் கல்லுக்கு வந்து சேர்ந்தன. அந்த வயிற்றுக்குள் ஒரு வேப்பமரத்தின் அடிக்கட்டை கிடந்தது.

காற்று தள்ளியிருக்கும் என்று இறக்கி மறுபடி ஏற்றினேன். அதே வயிறு. ஞாபகம் வந்தது என்று எழுதப் பார்க்கிறேன். மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு? கயிறு பிடித்த அன்று அந்த மரம் அவன் பக்கத்தில் நாலு எட்டு உள்ளே நின்றது. சின்ன வயசிலிருந்து அதன் நிழலில் சோறு தின்றவன் நான், அவனுக்கெதற்கு மரம் என்று கயிற்றை அதற்கு வெளியே சுற்றி இழுத்துக் கட்டினேன். பிறகு வெட்டி விற்றும் தொலைத்தேன். திருட்டு என்கிற சொல்லை அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். "வாங்க மாமா" என்று அவன் மனைவி திகைத்துப்போய் நின்றாள். தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் படத்தை ஓடவிட்டு செல்போனை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அவன் கையில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான்.

"அவருக்குக் கண்ணு ரெண்டும் போயி நாலு வருஷம் ஆவுது மாமா. சக்கரதான். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டவனே நான்தானே. படம் எனக்காகப் பேசிவிடும், நான் தலையைக் குனிந்து நின்றால் போதும் என்று நம்பிப் போயிருந்தேன். இப்போது வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"வரப்பு வளைஞ்சிதான் இருக்குது" என்றேன். "மேலேர்ந்து படம் புடிச்சேன்."

"எந்த எடத்துல?"

"வேப்பமரம் நின்ன எடத்துல."

"கவுறு மரத்துக்கு எந்தப் பக்கமா போச்சு?"

"உன் பக்கமா."

செல்போனை என் பக்கம் நீட்டினான். "இத தெரிஞ்சிக்க நீ வானத்துக்குப் போவணுமா?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

"வரப்ப நேராக்கிடறேன்."

"ஆக்கு. நானா வந்து பாக்கப்போறேன்?"

அவன் மனைவி டீ கொண்டுவந்து தந்தாள். குடித்து முடித்தேன். எழுந்து, "போயிட்டு வரேன்" என்றேன்.

"போ" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஓட்டு கேட்டு வருகிறவனிடம்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த இன்னொரு வார்த்தை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.