ஏற்காட்டிலிருந்து ஆல்ப்ஸில் வெயில் தேடினோம்

நேற்று மதியம் வீடியோ காலில்...

இருங்கள். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வரும் பிப்ரவரியில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் போகத் திட்டம். ("ஏற்காட்டுக்காரிக்கு இன்னும் குளிர் கேட்குதா?" என்று கேட்க நினைப்பவர்கள் வரிசையில் வரவும்!)

நான் கேட்டது குளிர் இல்லை, வெயில். இங்கே ஒரு வாரமாகத் துவைத்த துணி காயவில்லை. பனியும் வேண்டும், பளிச்சென்று வெயிலும் வேண்டும். அது ஆல்ப்ஸில்தான் கிடைக்கும் என்றான் தம்பி பிரபு.

பிரபு ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். ஸ்கீ என்கிற பனிச்சறுக்கில் புலி.

என் கணவர் காலேஜ் நாளில் சேலத்தில் ரோலர் ஸ்கேட்டிங் செய்தவர். அதை வைத்துத் தன்னையும் புலி என்று நம்புகிறார். மகள் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு எஸ்கலேட்டர் என்றாலே பயம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முட்டிவலி. வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும்.

இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ரிசார்ட். அதுவும் சொத்தை விற்காமல்!

ஒன்றில் மலை நிழல், ஒன்றில் எல்லாமே செங்குத்து, ஒன்றில் வாடகை நெஞ்சை அடைத்தது. அடுத்ததை நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று பிரபு நேற்றுப் போனான். அங்கே காலை நேரம். இங்கே சாப்பாடு முடிந்து நான், கணவர், அத்தை மூவரும் ஹாலில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

திரையில் கண் கூசும் வெயில்!

"அக்கா, தெக்க பாத்த சரிவு. சாயங்காலம் வரைக்கும் வெயில் போகாது. கத்துக்கறவங்களுக்குக் கீழ தனி எடம், மச்சானுக்கு மேல. வாடகையும் நொம்பக் கம்மி."

"ஏஞ்சாமி, அங்க டீ கெடைக்குமா?" என்றார் அத்தை.

"கெடைக்குமுங்கத்தை. பாலைத் தனியாத் தருவாங்க."

அத்தையின் முகம் சுருங்கியது. மற்றபடி ரிசார்ட் பாஸ்!

அப்போது எங்கள் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. (தினமும் வருகிற விருந்தாளிதான்.) எழுந்து போய்ச் சாத்திவிட்டுத் திரும்பினால், போன் திரையும் வெள்ளை.

"என்னடா, ஒண்ணுமே தெரியல?"

"இங்கயும் மேகமுங்க்கா. திடீர்னு எறங்கிருச்சு. தடம் காட்டற கம்பம்கூடத் தெரியல."

எங்கள் ஊர் செம்மநத்தம் ரோட்டில் மேகம் இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே நிற்போம். யாரும் நகர மாட்டோம். நீயும் நில் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பயப்படாதீங்க்கா. மச்சான் முன்னால நிக்கறாரு. கையக் காட்டிக் கூப்புடறாரு. அவரு பொறகாலயே போயிர்றேன்."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் சோபாவில் என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே! நான் ஊட்டுலதான் இருக்கறேன்!" என்றார்.

பனியில் ஸ்கீ உரசும் சத்தம் மட்டும் கேட்டது. போய்க்கொண்டிருக்கிறான்!

"வந்துட்டனுங்க மச்சான்," என்று அங்கே யாரிடமோ சொன்னான்.

நான் பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை.

"பிரபு! உக்காருடா! அப்புடியே உக்காரு! ஒத்த அடி வெக்காத!"

சத்தம் நின்றது.

"உக்காந்துட்டனுங்க்கா," என்றான், சின்னப் பையன் மாதிரி.

அத்தை சேர்வராயன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வாய்க்கு வந்ததை எல்லாம் பேசி அவனை அங்கேயே பிடித்து வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரை மெல்ல நீலமானது.

பிரபு கேமராவைத் திருப்பிக் காட்டினான். அவன் ஸ்கீ முனைக்குச் சற்று முன்னால் ஒரு தடுப்பு வலை பனியில் பாதி புதைந்திருந்தது. அதற்கப்பால் தரை இல்லை. வெகு ஆழத்தில் மரங்களின் உச்சி தெரிந்தது.

அங்கே யாரும் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

கணவர்தான் கேட்டார். "மாப்ளே, அந்த ஆளு என்ன துணி போட்டிருந்தான்?"

"நீங்கதானுங்க மச்சான் அது. ஆரஞ்சு ஜாக்கெட். தோள்ல கறுப்புப் பட்டை."

அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். எங்கள் யாரிடமும் சொல்லாமல் முந்தின நாள் ஆன்லைனில் ஒரு ஸ்கீ ஜாக்கெட் ஆர்டர் போட்டிருக்கிறார். (பந்தா காட்டத்தான்!) ஆரஞ்சு. தோளில் கறுப்புப் பட்டை.

"ஏனுங்க, மொதல்ல அதைக் கேன்சல் பண்ணுங்க," என்றேன்.

முடியவில்லை. 'டெலிவரி செய்யப்பட்டது' என்று வந்தது. எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

சாயங்காலம் பிரபுவின் மெசேஜ்: "அக்கா, வெயில், வாடகை, சரிவு எல்லாமே நமக்கு ஏத்த எடம். எல்லாரும் வாங்க. மச்சான் மட்டும் வேண்டாம்."

ஏற்காட்டு நண்பர்களே, மேகமாக இருந்தால் கூரியர்காரர் வீடு வரை வராமல், டவுனில் ஏதாவது கடையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்தானே? அப்படி யாராவது எங்கள் பார்சலை வாங்கி வைத்திருக்கிறீர்களா?

ஜாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டாம். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம்தான் இருக்கிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.