திரைக்குப் பின்னால் ஒரு வாளி

இல்லை, ஆம்பளைகளோடு கூத்தடிக்க உனைசி சுவா நகரத்துக்குப் போகவில்லை. அப்படிச் சொன்ன வாயெல்லாம் முதலில் போய்க் கழுவிக்கொண்டு வரட்டும். கடலட்டை எடுக்க முக்குளிக்கிறவர்களோடு ஒரே இரும்பு அறைக்குள் அவள் உட்கார்ந்தது உண்மை. கதவைப் பூட்டியதும் உண்மை. பூட்டியது நர்ஸ்.

கர்ப்பப்பையில் வந்த கட்டிக்கு வெளிநாடு போய்க் கதிர் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டி போய்விட்டது. ஒரு வருஷம் கழித்து மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. வந்தால் அடக்க முடியாது. கதிர் பட்டுக் குடலின் உள்தோல் வெந்துபோய், ரத்த ஓட்டம் இல்லாமல் கிடக்கிறது என்றார் டாக்டர். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்து கைகால் முடங்கியவர்களை வைக்கிற அழுத்த அறையில் இவளும் தினமும் போய் நாற்பது நாள் உட்கார்ந்து பிராணவாயு இழுத்தால், புது ரத்தக் குழாய் முளைக்கும், புண் ஆறும். பாதியில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பதினொன்றாம் நாள் உள்ளே மனோவா இருந்தான், முக்குளித்துக் கால் முடங்கிய அவள் அத்தை மகன். அத்தை மகனும் மாமன் மகளும் பார்த்த இடத்தில் கிண்டல் பண்ணியே ஆகவேண்டும். சும்மா இருந்தால் நம்மில் அதுதான் அவமரியாதை. பிராணவாயு முகமூடியைக் கழற்றி இளைப்பாறுகிற நேரத்தில் ஆரம்பித்தான்.

"என்னடி, நீயும் அட்டை பிடிக்க எறங்கிட்டியா? நீ குதிச்சா கடலே கரையேறிடுமே!"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் அட்டையெல்லாம் ஆழத்துக்கு ஓடுது, போடா!"

சிரித்ததுதான் வினை. மலம் முட்டிக்கொண்டு வந்தது. அழுத்தம் இறங்கும்வரை கதவு திறக்காது. மூலையில் திரைக்குப் பின்னால் வாளி இருந்தது, இரண்டு எட்டு வைத்தால் போதும். சத்தம் மனோவாவுக்குக் கேட்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடங்கவில்லை. அங்கி நனைந்தது, பெஞ்சு நனைந்தது. மூடிய அறையில் வாடை எங்கே போகும்?

மனோவா ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்துத் தொலைத்திருக்கலாம். செத்தவளைத்தானே முறைக்காரன் கிண்டல் பண்ணாமல் விடுவான்?

வீட்டுக்கு வந்து பாயில் குப்புற விழுந்தவள் மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. புருஷன் அபகுகி கேட்டதற்கு, "இப்ப தேவலாம்" என்று பொய் சொன்னாள். ரத்தம் பட்ட துணியை அவன் இல்லாதபோது துவைத்து உள்ளேயே காயப்போட்டாள்.

நான்காம் நாள் காலை மனோவா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து, ஊர் பார்க்க வாசலில் நின்றான்.

"ஏய் உனைசி! நேத்து அந்த வாளியில நான் உக்காந்தேன். நான் போட்ட சத்தத்துல அறைதான் வெடிச்சிடுச்சோன்னு நர்ஸம்மா பதறிட்டாங்க. உன்னால முடியுமாடி அவ்வளவு?"

எதிர்வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உள்ளே அவளுக்கு முகம் எரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்:

"அன்னிக்கு ஏன்டா வாயே தெறக்கல?"

அவன் குரல் இறங்கியது. "பெஞ்சுல ரத்தத்தப் பாத்தேன். பயந்துட்டேன்." பிறகு, "இன்னும் இருபத்தொம்போது நாள் இருக்காமே. வா. லாரி நிக்குது."

அவள் அவனோடு போனதைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். தொங்கிய தலையைக் கள்ளத்தனம் என்றீர்கள். வெட்கம் கொஞ்சமும் போகவில்லை அவளுக்கு. இடுப்பில் சுற்ற இரண்டு மாற்று சுலுத் துணியைக் கூடையின் அடியில் அமுக்கி, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உனைசி வாசலைத் தாண்டினாள்.