வயர் எட்டிய தூரம்

அம்மா கட்டாருக்கு வேலைக்குப் போன வருடம், கொச்சிக்கடையில் எங்கள் வீட்டுப் பாலன் குடிலை நான்தான் கட்டினேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. வைக்கோல் பரப்பி, ராசாக்கள், ஆட்டுக்குட்டி, கிணறு என்று அம்மா வருடா வருடம் வாங்கிச் சேர்த்த சுரூபங்களை அடுக்கினேன். இயேசு பாலனை மட்டும் அவர் பிறந்த நத்தார் அன்றுதான் வைப்பது வழக்கம் என்பதால் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. ஞாயிறு மாலை அம்மா வீடியோ கோலில் வருவா. அதற்குள் குடிலுக்கு வெளிச்சம் வேண்டும்.

அப்பாவுக்குக் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை, நெருப்பென்றால் பயம். வைக்கோல் கிடக்கும் பக்கம் பிளக் வயரே வரக்கூடாது என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். டோர்ச் பெட்டரி போட்டுப் பார்த்தேன். காலையில் எரிந்த பல்பு மத்தியானம் அழுது வடிந்தது.

புறக்கோட்டையில் போன் திருத்தும் மாமா, ஒரு குட்டி லைட்டோடும் பவர் பேங்கோடும் வந்தார். "மாமா இருக்க உனக்கென்ன கவலை?" என்றார். லைட் பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டி முடிப்பதற்குள் அணைந்தது. திரும்பப் போட்டார், திரும்ப அணைந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அந்த லைட் இழுக்கும் கரண்ட் மிகவும் கொஞ்சம் என்பதால், ஒன்றுமே செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கிவிடுகிறதாம்.

"மற்ற ஓட்டையில என்ர போனையும் போட்டா நித்திரை கொள்ளாது," என்றார். போட்டார். லைட் அசையாமல் எரிந்தது. போன் வயர்தான் ஒரு சாண் நீளம். முன் கமரா வேலை செய்யாத போனைக் குடிலைப் பார்த்தபடி சாய்த்துவைக்கலாம், திருப்ப முடியாது; இடையில் கை மட்டும்தான் நுழையும்.

அந்தப் போனில்தான் அம்மா வந்தா.

"வடிவா இருக்கு பிள்ளை. உங்கட முகத்தைக் காட்டுங்கோ."

"ஏலாது அம்மா. போனைத் திருப்பினா வயர் கழரும், லைட் போயிடும்."

 "சரி, ஆட்டுக்குட்டி எங்க? தொட்டுக் காட்டுங்கோ," என்றா. தொட்டுக் காட்டினேன். கிணறு எங்கே, ராசாக்கள் எங்கே, ஆட்டுக்குட்டி எங்கே என்று மறுபடியும். எனக்கு அலுத்துவிட்டது.

"பாலனை வைக்கிற இடம்?"

வெறும் வைக்கோலில் கையை வைத்தேன்.

"கையை எடுக்காதீங்கோ பிள்ளை."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

கோல் முடியும்வரை லைட் ஒருதரமும் அணையவில்லை என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த ஆட்டுக்குட்டியை வாங்கியதே அம்மாதான், அது எங்கே நிற்கும் என்று அவவுக்குத் தெரியாதா என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெளிச்சத்திலும் என்னில் அவவுக்குத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான் என்பதும் விளங்கவில்லை.