நான் கொடுக்காத ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய சோதனை ஒன்று வந்தால், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். வெளியே போய் யாரைக் கேட்பது? விருப்பமுள்ள ஊழியர்களே கையை நீட்டிவிடுவோம். பெயர் எழுதாத அந்தக் குழாயில் ‘நார்மல்’ என்று மட்டும் எழுதி வைப்போம். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மூலக்கூறு நோயியல் பிரிவில் எனக்கு வேலை. பிறருடைய ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, எங்கே கோளாறு என்று தேடுகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை வந்த நாளிலிருந்து என் கை மட்டும் நீளவில்லை. ஒரு முறை விரதம் என்றேன். இன்னொரு முறை ரத்தசோகை என்றேன். கூட வேலை செய்யும் மலாய்க்காரத் தோழி, “தாக்குட் கா?” என்று சிரிப்பாள். பயமா என்று கேட்கிறாள். ஊசிக்கு யாராவது பயப்படுவார்களா என்று நானும் சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஊசி அல்ல விஷயம். அம்மா அந்த நோயில்தான் போனார். பிறகு அக்காவுக்கு வந்தது. அக்காவின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தபோது, சொந்தக்காரர் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொண்டேன். தோழிதான் பார்த்தாள். குடும்பத்தில் இறங்கி வருகிற கோளாறு அக்காவுக்கு இருந்தது. கூடப் பிறந்த எனக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது என்று மற்றவர்களின் அறிக்கைகளில் கடைசி வரியைத் தட்டச்சு செய்கிறவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அக்காவுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு மதியம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

“உனக்குப் பாத்துட்டியா?”

“பாத்தாச்சுக்கா. ஒண்ணும் இல்ல.”

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு “அப்பாடா” என்றாள். அவள் நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று காரில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மேற்கொண்டு கேள்வி வரக்கூடாது என்றுதான் சொன்னேன்.

சிகிச்சை முடிந்த பிறகு, பீடோர் பக்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கப்போவதாக அக்கா சொன்னாள். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் எங்கிருந்தாவது வந்துவிடுவார்கள். அக்காவின் தலையில் முடி அப்போதுதான் துளிர்த்திருந்தது. மொட்டை போட்டிருக்கிறாள், பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

ஆற்றங்கரையில் குடங்களில் பால் நிரப்பி, ஊர்வலம் கிளம்பக் காத்திருந்தோம். எனக்கு எரிச்சலாக வந்தது.

“இந்த ஒடம்போட எதுக்குக்கா இதெல்லாம்?”

“உன்னாலதான்லா.”

“நான் என்ன பண்ணேன்?”

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “ஒண்ணும் இல்லன்னு சொன்னியே, அன்னைக்கு நான் சந்தோசப்படல. எனக்கு மட்டும் ஏன்னு வயிறு எரிஞ்சுது. கூடப் பொறந்தவ மேலயே பொறாமை. அந்தப் பாவம் தீரணும்னுதான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். நீயும் மன்னிச்சிரு.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. என் பொய்யை நம்பி இவள் இத்தனை மாதமும் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நோயோடு இதையும் சுமந்திருக்கிறாள். நான் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

“நான் பாக்கவே இல்லக்கா. பொய் சொல்லிட்டேன்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பளாரென்று அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அதற்குள் உறுமி முழங்க, வரிசை நகரத் தொடங்கியது. அக்கா குனிந்து குடத்தைத் தூக்கப் போனாள். நான் தூக்குகிறேன் என்று கை நீட்டினேன்.

“நீ வெரதம் இல்லல்ல,” என்றாள்.

காலையில் முட்டை போட்ட நாசி லெமாக் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். விரதம் என்று ஆய்வகத்தில் சொன்ன சாக்கு நினைவுக்கு வந்து, முகமெல்லாம் எரிந்தது. அவள் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கோயில்வரை நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை.

அடுத்த வாரம் மரபணு ஆலோசனைக்கு, நோயாளிகளோடு நோயாளியாக எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நாள் என்று அக்காவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன், பதில் வரவில்லை. ஆனால் வந்துவிட்டாள். “சிம்பாங் பூலாய்ல ஒரே ஜாம்,” என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆலோசகர் எல்லாம் விளக்கினார். எனக்குத் தெரிந்ததுதான், இருந்தும் புதிதாகக் கேட்பதுபோல இருந்தது.

ரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“பயமா இருக்கா?” என்றாள் அக்கா.

“இருக்குக்கா. அம்மா போனதுலேருந்தே இருக்கு.”

அவள் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இன்னும் போகவில்லை, பிடி வலித்தது.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாம்லா.”