பவுடர் டப்பாவில் வந்த மண்

காரைக்காலில் கல்யாணம் வைத்த வீடுகள் பந்தல்காரருக்கு அடுத்து ஆள் அனுப்பியது மாரிக்கண்ணுவுக்குத்தான். புருஷனைக் கடல் கொண்டுபோனபின் காரைக்கால்மேட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்து, மணப்பெண்களுக்கு முகத்தில் களிமண் பூசிப் பிழைத்தவள். அரசலாற்றங்கரையில் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, முழங்கை ஆழத்தில் கிடக்கும் களியைத்தான் எடுப்பாள். மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, நிழலில் உலர்த்துவாள். கடைசியில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பல்லில் மணல் நெறுநெறுத்தால் அத்தனையையும் கொட்டிவிடுவாள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன இரண்டாம் வருஷம், ஒரு காலையில் பத்ருன்னிசா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவள் மகள் கமர் நிஷாவுக்கு எட்டு நாளில் நிக்காஹ். சந்தோஷமாகத்தான் போனாள் மாரிக்கண்ணு.

உள்ளறையில் பெண் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்ருன்னிசா துணியை விலக்கினாள். இரண்டு கன்னமும் வெந்து, தோல் உரிந்து நீர் கசிந்தது.

"ஒன் மண்ணுதான் இது. ஒன் பேரச் சொல்லித்தான் கொடுத்தான் வளையக்கடை சுப்பையன்."

"நான் யாருக்கும் மண்ணு விக்கலிங்கம்மா. நானே வந்து பூசுறதோட சரி."

பத்ருன்னிசா ஒரு டப்பாவை அவள் மடியில் போட்டாள். பாரீஸ் பவுடர் வந்த பழைய டப்பா. உள்ளே இருந்த மண் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே அத்தர் வாசம். அதற்கு அடியில் அழுகிய மீன் வாடை. வழக்கம்போல் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். சுருக்கென்று எரிந்தது. சுண்ணாம்பு. கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

பெண்ணின் முகத்தைக் குடம் குடமாக நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, டப்பாவோடு சுப்பையன் கடையின் பின்பக்கம் போனாள். சீமைப் பவுடர் வரத்து நின்றபின் அவனிடம் மிஞ்சியது காலி டப்பாக்கள்தான். மீன் கழுவிய தண்ணீர் போகும் சாக்கடை ஓரமாகக் குழி தோண்டியிருந்தான். பக்கத்துத் தொட்டியில் கரும்சேறு. அதில் செதிலும் தலைமயிரும் மிதந்தன. புழுக்கள் நெளிந்தன. சுப்பையன் தன் பழைய பனியனில் அதை வடிகட்டிக்கொண்டிருந்தான். வெற்றிலை எச்சிலைத் துப்பியபோது பாதி தொட்டிக்குள்ளேயே விழுந்தது. அவன் கையை விட்டுக் கலக்கிக்கொண்டான்.

மாரிக்கண்ணுவுக்கு அதை எடுத்து நாக்கில் வைத்த தன் விரல்களையே வெட்டியெறியலாம் போலிருந்தது.

"இதையா பொம்பளப் புள்ளைங்க மூஞ்சில பூசச் சொன்ன?"

"மண்ணுன்னா எல்லாம் மண்ணுதானே. வெள்ளையா இருந்தாத்தான் கேக்குறாங்க, சுண்ணாம்பு போட்டேன். ஒன் பேரு சொன்னா நம்புறாங்க. அதுல ஒனக்கென்ன நஷ்டம்?"

அவள் டப்பாவைக் கடையின் முன்பக்கம் கொண்டுபோய், வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். பின்னாலேயே ஓடிவந்தான் சுப்பையன்.

"நல்ல மண்ணுன்னா ஒன் மூஞ்சில பூசிக் காட்டு. இவங்கல்லாம் பாக்கட்டும்."

"எனக்கு… எனக்குத் தோலுக்கு ஒத்துக்காது."

பெண்களில் ஒருத்தி குனிந்து முகர்ந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். அன்று சாயங்காலமே டப்பாக்கள் கடையிலிருந்து மறைந்தன.

நிக்காஹ் ஒரு மாதம் தள்ளி நடந்தது. கமர் நிஷாவின் இடது கன்னத்தில் காசளவு தழும்பு தங்கிவிட்டது. பத்ருன்னிசா மாரிக்கண்ணுவின் கையைப் பிடித்து, "தப்பா பேசிட்டேம்மா" என்றாள். ஆனால் மகள் முகத்தில் இன்னொரு மண்ணைப் பூச விடவில்லை. அது நியாயம்தான் என்று மாரிக்கண்ணுவுக்கும் தெரிந்தது.

மற்ற வீடுகள் கூப்பிட்டன, போனாள். ஆடி முடிவதற்குள் சுப்பையன் அதே டப்பாக்களில் கூந்தல் தைலம் விற்க ஆரம்பித்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு போன அதே பெண் அதை வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டு வந்து, "வாசமா இருக்குல்ல?" என்று கேட்டாள். மாரிக்கண்ணு இந்தத் தடவை தன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.